சாத்தனேந்தல் கோட்டைக்கு அளந்த தூக்கம்

கொட்டாம்பட்டிக்குத் தெற்கே, நால்வழிச்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சாத்தனேந்தலில், ஆடி மாதக் கடைசி வாரத்தில் கண்மாய்க்குள் கடல் வந்துவிட்டது. முந்தின நாள் வரை அதற்குள் கருவேல மரங்களும் ஆட்டுப் புழுக்கையும்தான் இருந்தன. மறுநாள் காலையில் மடை மேல் நின்று கிழக்கே பார்த்தவர்களுக்கு எதிர்க்கரை தெரியவில்லை. தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார்கள். கண்மாயின் சுற்றளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. கரை மேல் நடந்தால் பழையபடி அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். உள்ளே பார்த்தால் மட்டும் கடல். தண்ணீர் காலையில், மிஞ்சின நீர் வழிகிற கலுங்கு வரை ஏறியது, சாயங்காலம் இறங்கியது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கண்மாய் என்றால் ஒரு துறை, கடல் என்றால் வேறு துறை என்பதால் யார் கையெழுத்துப் போடுவது என்பதில் பேச்சு நின்றுபோனது, இன்றுவரை அப்படியேதான் நிற்கிறது. அந்த வாரம் மேலூர்ச் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ எண்பது ரூபாய்.

கடல் வந்தால் மீன் வராமலா போகும்? சீலா, பாறை, மத்தி, நண்டு என்று முதல் வாரத்திலேயே அள்ளினார்கள். வலை வீசத் தெரியாதவர்கள் கொசுவலையால் அள்ளினார்கள். மதுரையில் மீன் மொத்த வியாபாரம் பார்க்கும் நைனா முகமது, சேதியைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் ஐஸ் பெட்டி ஏற்றிய குட்டியானை வண்டியோடு வந்து நின்றார். இந்த மீனில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டார், கொடுத்தார்கள். பத்து வருடமாக ஒழுங்காக ஒரு போகம் அறுக்காத ஊரில் வீட்டுக்கு வீடு புது பைக் நின்றது. பக்கத்து ஊர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். மேற்கே இருக்கும் ஊர்க்காரர்கள் கண்மாய்ப் பாசனத்தில் தங்களுக்கும் பாத்தியதை உண்டு என்று வலையோடும் அரிவாளோடும் வந்தார்கள். கலுங்கில் நடந்த சண்டையில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, ஒருவருக்குக் காது போனது.

சண்டை நடந்த அதே வாரம் கரை மேல் கோட்டை நின்றது. யாரும் கட்டவில்லை. காலை ஏற்றத்தில் தண்ணீரோடு வந்து கரை தட்டியிருக்கிறது என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த சுவர், வரிசையாகப் பீரங்கிகள், கொடி இல்லாத கொடிமரம். சிப்பாய்களின் சிவப்புச் சட்டைகள் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தன. அவர்களுக்கு ஒரு துரை இருந்தார். முகம் நரைத்துப்போய் மூக்கு எது வாய் எது என்று தெரியாத துரை. அவருக்காகப் பேசியது, குடை பிடித்த ஒல்லியான துபாஷி ஒருவர். இவர்கள் காத்த துறைமுகம் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டதாம். வேலையிலிருந்து யாரும் இவர்களை விடுவிக்காததால், காவல் வேண்டும் என்று எந்த ஊர் அடித்துக்கொள்ளுமோ அந்த ஊருக்குக் கடலை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறார்களாம். பீரங்கிகளைப் பார்த்ததும் மேற்கு ஊர்க்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அந்தத் திசைக்குத் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அந்தோணியார் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள். நாட்டாண்மை கிறிஸ்துராஜ், மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், உரக்கடை வைத்திருக்கிறார், தான் சொல்வதை மற்றவர்கள் இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர். துபாஷி குடையை மடக்காமலேயே நடுவில் வந்து நின்று நிபந்தனையைச் சொன்னார்.

"துறைமுகம் உங்களுடையது, காவல் எங்களுடையது. காவல் செலவில் பாதி கடலுக்கு அப்பாலிருந்து வரும். மறுபாதி துறைமுகவாசிகள் தர வேண்டியது. மதிலுக்கு உள்ளே இருப்போர் செலவில் பங்காளிகள். வெளியே இருப்போர் எதிரிகள். கும்பினியாரின் ஒழுங்கு இதுவே."

பணமா என்று கேட்டார்கள். பணம் வேண்டாம், எங்கள் பணம் இங்கே செல்லாது, உங்கள் பணம் அங்கே செல்லாது என்றார் துபாஷி. சிப்பாய்கள் காவலில் நின்று நின்று இருநூறு வருடமாகக் கண் மூடவில்லை. அவர்களுக்கான கூலி தூக்கம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு சிப்பாய் நெல் அளக்கும் மரக்காலோடு வருவான், அதற்குள் கொட்டாவி விட வேண்டும், அவன் உள்ளங்கையால் தலைதட்டி எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான். இதைக் கேட்டு ஊர் சந்தோஷப்பட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும். தூக்கம் சும்மா கிடைப்பது, அதில் பாதி போனால் என்ன குடியா முழுகிப்போகும் என்று பேசிக்கொண்டார்கள். தூங்கி இத்தனை வருடம் என்னத்தைக் கண்டோம் என்று கிறிஸ்துராஜ் கேட்டார். என்னத்தைக் கண்டோம் என்று மற்றவர்களும் கேட்டார்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதில் அந்த ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. திருவிழா வரியாகட்டும், சப்பரத்துக்குப் பூ ஜோடிப்பதாகட்டும், தெருவிளக்குப் பழுதாகட்டும், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் எப்போதும் பிரிப்பார்கள். கல்யாணமாகி ஊரில் குடியிருக்கும் ஆம்பளை ஒரு தலைக்கட்டு. புருஷன் செத்தவள் அரை. மற்ற யாரும் கணக்கில் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது சலுகை மாதிரி தெரியும். அப்படியில்லை. வரி கொடுக்கிறவன்தான் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கலாம், கூட்டத்தில் வாய் திறக்கலாம், கண்மாய் மீனில் பங்கு கேட்கலாம். வரி வாங்க மறுப்பதுதான் அந்த ஊர் ஒருவரைச் செருப்பால் அடிக்கும் விதம். மற்ற ஊர்களில் வரி கட்ட மாட்டேன் என்று சண்டை நடக்கும், இங்கே கட்டியே தீருவேன் என்று நடக்கும்.

பதினோரு வருடமாக அந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தவள் அற்புதமேரி. மேலூரில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவன் உயிரோடு இருப்பதால் அவள் அரைத் தலைக்கட்டும் இல்லை, ஊரில் இல்லாததால் முழுசும் இல்லை. பி.எஃப். கடன் போட்டு ஊர் முகப்பில், தார்ச்சாலை ஓரத்தில், தானே நின்று கட்டிய வீடு அவளுடையது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் வரியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவாள், ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கோட்டைக்கான கூட்டத்துக்கும் போனாள், தன் கொட்டாவியையும் அளந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஒந் தலைக்கட்டு திருப்பூர்ல இருக்குத்தா," என்றார் கிறிஸ்துராஜ். "அங்க போயிக் குடு."

கூட்டம் சிரித்தது. கூடச் சிரித்தவர்களில் ஒருவன் டோனி, அவளுடைய கூடப்பிறந்த தம்பி, அடுத்த வீடு. ஊர் முகப்பில் இருக்கும் அந்த இடத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

மதில் அன்றே வளர ஆரம்பித்தது. கொட்டாவி கொடுத்த வீடுகளின் கொல்லைப்புறமாகவே செங்கல் செங்கலாக முளைத்து வந்தது. டோனியின் வீட்டைத் தாண்டியதும் சட்டென்று உள்பக்கமாக வளைந்து, அக்கா வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் இருந்த செம்பருத்திச் செடியை இரண்டாகப் பிளந்து, ஊரைச் சுற்றி முடித்துக்கொண்டது. அற்புதமேரியின் வீடு மட்டும் வெளியே நின்றது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான போர்வெல் மோட்டாரின் சுவிட்சு டோனியின் பக்கம் போய்விட்டது. அவள் மதிலைப் பார்த்துக் கத்தினால் அவன் மோட்டாரைப் போட வேண்டும். முதல் வாரம் போட்டான். அப்புறம் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான். அவள் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அடிபம்பில் தண்ணீர் எடுத்தாள், ஸ்கூட்டியில் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். நன்றாகத் தூங்கினாள். கொடுக்க யாரும் விடாததால் அவள் தூக்கம் முழுசாக அவளிடமே இருந்தது.

ஊருக்குள் பாதித் தூக்கத்தோடு புரட்டாசி வரை ஓடியது. பிறகு துபாஷி வந்து, கடலுக்கு அப்பாலிருந்து வர வேண்டிய பாதி இன்னும் வந்து சேரவில்லை, வரும்வரை அதையும் துறைமுகவாசிகள் முன்பணமாகத் தர வேண்டும் என்றார். எப்போது வரும் என்று கேட்டார்கள். இதுவரை வந்ததில்லை என்றார், ஒளிக்காமல். வீட்டுக்கு வீடு மீன் பணத்தில் தவணை ஓடிக்கொண்டிருந்தது, தலையாட்டினார்கள். அன்றிலிருந்து மரக்கால் இரண்டு தடவை வந்தது. ஆண்களிடம் தீர்ந்துபோனபோது தலைக்கட்டு என்பதற்குள் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அடக்கம் என்று கிறிஸ்துராஜ் தீர்ப்புச் சொன்னார். வரி கேட்க மட்டும் அடக்கம்.

தூக்கமில்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒருவன் மாமனாரை அடித்தான். பூசையில் பாதிப்பேர் சண்டை போட்டார்கள், மீதிப்பேர் விலக்கிவிடப் போய்ச் சண்டை போட்டார்கள். மாடுகள் பால் கறக்க விடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டே அழுதார்கள். நைனா முகமது மீன் எடுக்க உள்ளே போவதை நிறுத்திவிட்டு, வண்டியை அற்புதமேரி வீட்டு வேப்ப மரத்தடியில் போட்டுக்கொண்டார். உள்ளே இருப்பவர்களின் கண்ணெல்லாம் மிளகாய்ப் பழம் மாதிரி இருக்கிறது, எடை போடும்போது தராசை முறைக்கிறார்கள், அல்லா காப்பாத்தணும் என்று அவளிடம் சொன்னார். அவர் அதே மரத்தடியில் ஒரு மணி நேரம் குறட்டை விட்டுவிட்டுப் போவார். அந்தக் குறட்டை மதிலைத் தாண்டி உள்ளே கேட்டது. ஊருக்கு இருந்த ஆத்திரத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது.

கார்த்திகையில் துபாஷி மறுபடி வந்தார். மேற்கு ஊர்க்காரர்கள் ஓடிப்போய் மாதக்கணக்கு ஆகிறது, பீரங்கிகள் சும்மா நிற்கின்றன, எதிரி யார் என்று துரை கேட்கிறார் என்றார். எதிரி இல்லாத துறைமுகத்துக்குக் காவல் தேவையில்லை. காவல் போனால் கடலும் கூடவே போகும். அந்தக் கூட்டத்துக்கு அற்புதமேரி வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, வந்தாள். மதில் வாசலில் நின்று, தன்னையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம் பாரம் குறையுமே, தன் தூக்கம் நல்ல தூக்கம், நிறைய இருக்கிறது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். பிள்ளைகளை நினைத்தாவது சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அவளுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் உண்மையிலேயே பிரியம் இருந்தது.

கிறிஸ்துராஜ் அவளைப் பார்க்காமல் துபாஷியைப் பார்த்துக் கேட்டார். "இவ வெளியவே இருந்தா எதிரிக் கணக்குல வருமா?"

வரும் என்றார் துபாஷி. அம்மணியைச் சேர்த்துக்கொண்டால் வெளியே யாரும் மிச்சமில்லை என்பதையும் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். அவள் வெளியேயே இருக்கட்டும் என்று தூக்கிய முதல் கை டோனியுடையது. கூடப்பிறந்தவனே தூக்கிவிட்டான் என்ற தைரியத்தில் மற்றவர்களும் தூக்கினார்கள். அன்று சாயங்காலம் சிப்பாய்கள் கொட்டாவி மரக்காலைக் கீழே வைத்துவிட்டு, பன்னிரண்டு பீரங்கிகளையும் உருட்டிக்கொண்டு வந்து அற்புதமேரியின் அடுப்படி ஜன்னலைப் பார்த்து நிறுத்தினார்கள். அவள் அன்றைக்கு அழுதாள். எதிரி என்று சொன்னதற்காக அழவில்லை. தம்பி கையைத் தூக்கிய வேகத்துக்காக அழுதாள்.

சுடுவதற்கு நாள் குறித்தார்கள். மார்கழி பிறந்ததும் என்று பேச்சு. ஆனால் அதற்குள் சிப்பாய்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது. நான்கு மாதமாக மரக்கால் மரக்காலாக வாங்கிச் சேர்த்த தூக்கம் இருநூறு வருடப் பாக்கியை அடைத்து, அதற்கு மேலும் வழிந்தது. முதலில் கொடிமரத்துக் காவல்காரன் நின்றபடியே தூங்கினான். அடுத்து பீரங்கிக்காரர்கள் பீரங்கி மேலேயே கவிழ்ந்தார்கள். கடைசியில் துரை, முகத்தில் எது கண் என்று தெரியாததால் எப்போது தூங்கினார் என்றே தெரியவில்லை. துபாஷி மட்டும் குடைக்குக் கீழே அரைக்கண்ணில் இருந்தார். இனிக் காவலுக்கு யார் என்று ஊர் கேட்டபோது, தூக்கம் இல்லாதவர்கள்தான் காவல் காக்க வேண்டும், அதுதானே முறை என்றார். மரக்காலையும் அவர்களிடமே கொடுத்து, சிப்பாய்கள் விழித்துக்கொள்ளாமல் இருக்க வேளாவேளைக்கு அவர்கள் வாயில் ஊற்றச் சொல்லிவிட்டு அவரும் படுத்துக்கொண்டார். அப்படியாக ஊரே மதில் மேல் ஏறி நின்றது. தங்கள் தூக்கத்தைத் தாங்களே அளந்து கொண்டுபோய்க் குறட்டை விடுகிறவர்களுக்கு ஊற்றிவிட்டு, ஒரு பெண் தூங்குவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, வரிசையாக நின்றார்கள். அவளுடைய போர்வை என்ன நிறம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது. அவளை அவர்கள் வெறுத்த மாதிரி யாரும் யாரையும் வெறுத்திருக்க முடியாது.

முதலில் வெளியே வந்தவள் ஜெஸி. நால்வழிச்சாலை விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள், கொழுந்தன் வீட்டில் அரைத் தலைக்கட்டாக இருந்தவள். ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். எதிரியாகிவிடுவாய் என்று மேலேயிருந்து சத்தம் போட்டார்கள். ஆகிக்கொள்கிறேன் என்றாள். மதிலைத் தாண்டிய இடத்திலேயே அவளுக்குக் கொட்டாவி வந்தது, அதை அவளே வைத்துக்கொண்டாள். அற்புதமேரி ஒன்றும் கேட்காமல் பாய் விரித்தாள். அடுத்த வாரம் இன்னும் நான்கு பெண்கள், அவர்களோடு பிள்ளைகள். போனவர்களின் பங்கையும் இருப்பவர்கள் சுமக்க வேண்டியிருந்ததால் உள்ளே பாரம் கூடியது, கூடக் கூட இன்னும் பேர் வெளியேறினார்கள். வேப்ப மரத்தடியில் கட்டில் போட இடமில்லை. நைனா முகமது தன் வண்டியின் தார்ப்பாயை அவிழ்த்துப் பந்தல் போட்டுக் கொடுத்தார்.

டோனி தை மாதம் வந்தான். கண் உள்ளே போய், தாடி வளர்ந்து, வாசலில் நின்றான். அவள் கதவைத் திறந்தாள்.

"அக்கா, செத்த நேரம் படுத்துக்கிறேன்," என்றான். "அம்புட்டுத்தான். எந்திரிச்சுப் போயிருவேன்."

"மோட்டாரப் போட்டுட்டு வாடா," என்றாள்.

திரும்பிப் போனான். மதிலுக்குள் போய் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தள்ளாடிக்கொண்டே வந்தான். தொட்டி நிறைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசல் திண்டில் சாய்ந்து தூங்கிப்போனான். இரண்டு பகல் எழுந்திருக்கவில்லை. அவன் மேல் ஒரு போர்வையைப் போட்டாலும் அவளுக்குக் கோபம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. அவனோடு அவள் பேசுவது மோட்டாரைப் பற்றி மட்டும்தான்.

மாசியில் அந்தோணியார் திருவிழா வருவதற்குள் சாத்தனேந்தல் மொத்தமும் மதிலுக்கு வெளியே வந்துவிட்டது. பொட்டலில் கொட்டகை போட்டுக்கொண்டார்கள், ரேஷன் கார்டில் கதவு எண் மாற்ற மனுக் கொடுத்தார்கள். கோயில் உள்ளே மாட்டிக்கொண்டதால் சப்பரம் அற்புதமேரியின் வீட்டு முகப்பிலிருந்து புறப்பட்டது. மூச்சு விடுகிற ஆளுக்கு இவ்வளவு என்று வரி பிரித்தார்கள், முதல் வரியை அவள் கையிலிருந்து வாங்கினார்கள், சப்பரத்தின் முன்கம்பில் அவள் தோள் கொடுத்தாள். எதிரி என்று பார்த்தால் இப்போது ஊர் முழுக்க எதிரி. உள்ளே துறைமுகத்தைக் காக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு தலைக்கட்டு. கிறிஸ்துராஜ், தான் போட்ட கணக்கை விட்டு இறங்க மனமில்லாமல், பெண்டாட்டி பிள்ளைகள் வெளியேறிய பிறகும் தங்கிவிட்டார். அறுபது சொச்சம் வீட்டுச் செலவையும் ஒற்றை ஆளாகக் கொட்டாவி விட்டுக் கட்டிக்கொண்டு, அந்த நீளமான மதில் மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். கடல் போகாமல் அங்கேயே கிடந்தது. கோட்டை என்றால் உள்ளே ஒருவர் விழித்திருக்க வேண்டும், வெளியே ஒரு எதிரி இருக்க வேண்டும், இரண்டும் இருந்தன. வலையில் விழும் மீன்பாடும் நல்ல பாடு.

பங்குனி வெயிலில் ஒரு மதியம் அவர் வாசல் வரை இறங்கி வந்தார். ஆள் துரும்பாகியிருந்தார். தாண்டவில்லை. வாசற்படிக்கு உள்ளேயே நின்று, தானும் வந்துவிடலாமா என்று கேட்டார். ஆணையிட்டுப் பழகிய குரல் அதைக் கேட்கத் தெரியாமல் கேட்டது. வேப்ப மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். அவர் வந்துவிட்டால் உள்ளே ஆள் இல்லை, ஆள் இல்லையென்றால் கோட்டை போய்விடும், கோட்டையோடு கடலும் மீனும் போய்விடும் என்பதை டோனி எடுத்துச் சொன்னான். பைக் தவணை எத்தனை வீட்டில் பாக்கி இருக்கிறது என்று இன்னொருவன் கேட்டான். அவருடைய பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். கடைசியில் எல்லோரும் அற்புதமேரியைப் பார்த்தார்கள், அவள் சொன்னால் மாற்றிக்கொள்ளத் தயார் என்பது போல.

அவள் வாசலில் நின்றவரைப் பார்த்தாள். அவருக்கு நின்றபடியே தலை துவண்டது, நிமிர்ந்தது, துவண்டது. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"மேல ஏறிப் போங்க மாமா," என்றாள். "சோறு குடுத்து விடுறேன்."

அவளும் கையைத் தூக்கினாள்.

மறுநாளிலிருந்து அவருக்குச் சோறும் சீலா மீன் குழம்பும் தூக்குவாளியில் கட்டிக் கயிற்றில் மேலே ஏற்றுகிறார்கள். குழம்பு அற்புதமேரி வைப்பது, காரம் குறைவாக. மேலூர் பஸ்ஸில் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை மதில் ஸ்டாப் என்கிறார்கள். இறங்குகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊர் ஒரு தூக்கம் போடும், அந்த நேரத்தில் நைனா முகமதுவே மீனை எடைபோட்டு ஏற்றிக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போவார். போன வாரம் சீலா கிலோ ஐந்நூற்று இருபதுக்குப் போனது.